123 பேர் இறங்கிய துறை

வெராக்ரூஸில் காபிக்குப் பால் கேட்க வாயைத் திறக்க வேண்டியதில்லை. கண்ணாடி டம்ளரின் அடியில் கெட்டியான காபியைக் கொஞ்சம் ஊற்றி வைத்துவிட்டு பரிசாரகர் போய்விடுவார். நீங்கள் ஸ்பூனை எடுத்து டம்ளரைத் தட்ட வேண்டும். டிங், டிங். அதைக் கேட்டு இன்னொருவர் பெரிய கெட்டிலோடு வந்து, கையை உயரத் தூக்கி, நுரைக்க நுரைக்கச் சூடான பாலை ஊற்றுவார். இதற்கு லெச்செரோ என்று பெயர். கடற்கரைச் சாலையில் இருக்கும் கிரான் கஃபே தெ லா பரோக்கியா இதற்குப் பேர்போன இடம். காலை ஒன்பது மணிக்கு அங்கே ஐம்பது டம்ளர்கள் ஒரே நேரத்தில் ஒலித்துக்கொண்டிருந்தன. யாருக்கும் எந்த அவசரமும் இருந்ததாகத் தெரியவில்லை.

வேலை விஷயமாக மெக்சிகோ நகரத்தில் மூன்று மாதம் இருந்தபோது, ஒரு நீண்ட வார இறுதிக்கு இங்கே வந்தேன். எங்கே போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னதும் கூட வேலை பார்க்கும் பெண் சிரித்தாள். "வெராக்ரூஸா? அங்க யாரும் எதுக்கும் அவசரப்பட மாட்டாங்க. நல்லா தூங்கிட்டு வா." மெக்சிகோவில் இந்த ஊருக்கு அப்படி ஒரு பெயர் உண்டு. சாவகாசமான ஊர், பாட்டும் கூத்துமான ஊர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி உள்ள ஊர். இங்கே கார்னிவல் தொடங்கும்போது முதல் வேலையாக ஒரு பொம்மையைக் கொளுத்துவார்கள். பொம்மையின் பெயர் 'சிடுசிடுப்பு'. கெட்ட மனநிலையை எரித்துவிட்டுத்தான் கொண்டாட்டமே. இந்த யோசனை எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

ஆனால் ஒரு துறைமுகம் எப்படிச் சாவகாசமாக இருக்க முடியும் என்ற கேள்வி காபி தீர்ந்த பிறகும் இருந்தது. எதிரே ராட்சதக் கிரேன்கள் கன்டெய்னர்களைத் தூக்கிக்கொண்டிருந்தன. யாரோ வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

*

1519 ஏப்ரலில், புனித வெள்ளியன்று, எர்னான் கோர்த்தேஸ் இங்கே கரையிறங்கினார். அதனால்தான் ஊருக்கு 'மெய்யான சிலுவை' என்று பெயர். முன்னால் 'வளமான ஊர்' என்பதையும் சேர்த்துக்கொண்டார். சிலுவை, செல்வம் இரண்டையும் ஒரே பெயருக்குள் வைத்ததில் அவருடைய நோக்கம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெளிப்படுகிறது. ஊர் ஒரே இடத்தில் நிற்கவில்லை. முதலில் வடக்கே போனது, பிறகு ஓர் ஆற்றங்கரைக்கு இடம் மாறியது, 1600ஐ ஒட்டித்தான் இப்போதிருக்கும் மணல்வெளிக்குத் திரும்பியது.

உண்மையில் இது ஊர் அமைக்க லாயக்கான இடமே இல்லை. அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை 'நோர்த்தே' என்ற வடகாற்று திடீர் திடீரென்று வந்து கப்பல்களைப் புரட்டிப் போடும். கோடையில் மஞ்சள் காய்ச்சல். கறுப்பு வாந்தி என்று அதற்கு இங்கே பெயர், அதற்கு மேல் விவரிக்க வேண்டாம். ஸ்பெயினிலிருந்து புதிதாக வந்தவர்களைத்தான் அது கொத்துக் கொத்தாகக் கொன்றது. இங்கேயே பிறந்து, சிறுவயதிலேயே அது வந்து பிழைத்தவர்களை மறுபடி தொடுவதில்லை. எனவே பணம் படைத்தவர்கள் மலைமேலிருக்கும் ஹலாப்பாவில் வீடு கட்டிக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் கப்பற்படை கொண்டுவந்த சரக்குக்கான பெரும் சந்தையே அங்கேதான் கூடியது. கப்பல் வரும்போது வெராக்ரூஸ் பித்துப் பிடித்ததுபோல் இயங்கும். வெள்ளி ஏறும், துணியும் இரும்பும் மதுவும் இறங்கும். கப்பல் போனதும் ஊர் அடங்கிவிடும்.

அடங்கிய ஊரில் மிஞ்சியவர்கள் யார்? இதைக் கேட்டுக்கொள்ளாமலேயே முதல் நாளைக் கழித்துவிட்டேன்.

*

துறைமுகத்துக்குள் சான் ஹுவான் தெ உலுவா என்ற கோட்டை இருக்கிறது. ஒரு காலத்தில் தனித்தீவு, இப்போது கரையோடு இணைத்துவிட்டார்கள். கடலுக்கு அடியிலிருந்து வெட்டியெடுத்த பவளக் கற்களால் கட்டியது. சுவரை உற்றுப் பார்த்தால் பவளத்தின் மடிப்புகள் மூளையைப்போலத் தெரியும். உள்ளே சிறை. அதன் அறைகளுக்குச் சொர்க்கம், நரகம், உத்தரிப்பு ஸ்தலம் என்றெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். நரகத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. கூரையிலிருந்து சுண்ணாம்பு ஊறிச் சொட்டிச் சொட்டி விழுதுகளாகத் தொங்குகிறது. பிற்பாடு நாட்டின் அதிபரான பெனித்தோ ஹுவாரெஸ் 1853இல் இங்கே அடைக்கப்பட்டிருந்தார்.

என்னை அதிகம் ஈர்த்தது சிறை அல்ல. நகரத்தைப் பார்த்த வெளிச்சுவரில் வரிசையாகப் பெரிய பெரிய உலோக வளையங்கள். வடகாற்று தூக்கி அடிக்காமலிருக்கக் கப்பல்களை இந்தச் சுவரோடு கட்டிப்போடுவார்கள். ஒரு வளையத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

இதே சுவரருகில்தான் 1568 செப்டம்பரில் ஜான் ஹாக்கின்ஸும் அவருடைய இளம் உறவினர் பிரான்சிஸ் டிரேக்கும் மாட்டிக்கொண்டார்கள். புயலில் அடிபட்ட கப்பல்களைச் செப்பனிட ஒதுங்கியவர்கள். அடுத்த நாளே ஸ்பானியக் கப்பற்படை வந்து நின்றது. முதலில் சமாதானம் பேசினார்கள், சில நாட்களில் ஸ்பானியர்கள் அதை முறித்துத் தாக்கினார்கள். மினியன், ஜூடித் என்ற இரண்டு கப்பல்களில் இருவரும் தப்பினார்கள். ஆங்கிலேயர் எழுதிய வரலாறுகளில் இது ஸ்பானியத் துரோகத்தின் கதை, டிரேக்கின் வாழ்நாள் வஞ்சத்துக்குக் காரணம். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். அந்தக் கப்பல்கள் கரீபியக் கடலுக்கு எதற்காக வந்தன என்பது அந்தக் கதைகளில் பாதி வாக்கியத்தில் கடந்துபோகும். ஆப்பிரிக்கர்களைப் பிடித்துவந்து விற்பதற்கு.

*

அன்று இரவு விடுதி அறையில் மடிக்கணினியைத் திறந்தேன். தொழில் பழக்கம், எதுவானாலும் டேபிளாக இருந்தால்தான் எனக்குப் புரியும். அட்லாண்டிக் அடிமை வணிகப் பயணங்களுக்கென்றே ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கிய ஒரு தரவுத்தளம் இணையத்தில் இருக்கிறது. 36,000க்கும் மேற்பட்ட பயணங்கள். ஒரு பயணத்துக்கு ஒரு வரிசை. கப்பலின் பெயர், எங்கே ஏற்றினார்கள், எங்கே இறக்கினார்கள், ஏறியவர்கள் எத்தனை, இறங்கியவர்கள் எத்தனை. கடைசி இரண்டு எண்களும் சமமாக இருப்பது அபூர்வம். இறங்கிய இடம் என்ற பகுதியில் வெராக்ரூஸ் என்று கொடுத்துத் தேடினேன். பக்கம் நீண்டுகொண்டே போனது.

அதில் ஒரு பெயரில் நின்றேன். சாவ் ஜுவாவ் பவுத்திஸ்தா. ஆண்டு 1619.

1619 என்ற எண்ணை அமெரிக்க வரலாற்றைத் துளி தொட்டவர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த ஆகஸ்டில் 'இருபதும் சில்லறையும்' கறுப்பர்கள் வர்ஜீனியாவில் வந்திறங்கியதாக ஜான் ரோல்ஃப் ஒரு கடிதத்தில் எழுதினார். அமெரிக்க அடிமைமுறையின் தொடக்கமாக அந்தத் தேதியைத்தான் சொல்கிறார்கள். 2019இல் நானூறாவது ஆண்டையொட்டி நியூயார்க் டைம்ஸ் அந்த எண்ணையே தலைப்பாக வைத்துப் பெரிய கட்டுரைத் தொடர் வெளியிட்டது. நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன், நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஆனால் ஒன்றை யோசிக்கவே இல்லை. அந்த இருபது பேர் வந்த கப்பல் எங்கே போகக் கிளம்பிய கப்பல்?

வெராக்ரூஸுக்கு.

ஆவணம் ஒரு வரிக்கணக்கு. ஸ்பானிய அரசின் கஜானாவில் எழுதியது, 1990களில் எங்கெல் ஸ்லூட்டர் என்ற வரலாற்றாசிரியர் அதை வெளிக்கொணர்ந்தார். கப்பல் தலைவன் மனுவேல் மெந்தெஸ் தா குன்யா, இன்றைய அங்கோலாவின் லுவாண்டாவில் 350 பேரை ஏற்றினான். போர்த்துக்கீசியர்கள் அப்போது நடத்திக்கொண்டிருந்த போரில் பிடிபட்ட ந்தோங்கோ நாட்டு மக்களாக அவர்களில் பெரும்பாலோர் இருந்திருக்க வேண்டும். வழியில் நோய், சாவு. ஜமைக்காவில் ஒதுங்கியபோது செலவுக்காக 24 சிறுவர்களை விற்றான். பிறகு காம்பேச்சே கரைக்கு அப்பால் இரண்டு ஆங்கிலக் கொள்ளைக் கப்பல்கள் வழிமறித்து ஒரு பகுதியினரைப் பிடுங்கிக்கொண்டன. கணக்கில் மிச்சம் 147. அதில் ஜமைக்காவில் விற்ற 24 பேரும் அடக்கம். கழித்தால் 123. அந்த 123 பேரும் வேறொரு சிறு கப்பலில் வெராக்ரூஸ் வந்து சேர்ந்தார்கள். கணக்கில் உள்ள தேதி 1619 ஆகஸ்ட் 30. வர்ஜீனியாவில் மற்றவர்கள் இறங்கியதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான்.

பிடுங்கப்பட்டு வர்ஜீனியாவுக்குப் போனவர்களில் ஒரு பெண்ணின் பெயர் நமக்குத் தெரியும். ஏஞ்சலா. ஜேம்ஸ்டவுன் மக்கள்தொகைப் பட்டியலில் இருக்கிறது. அவள் நடமாடிய நிலத்தைத் தோண்டி ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கே இறங்கிய 123 பேரும் வரிக்கணக்கில் ஓர் எண், அவ்வளவுதான். அவர்கள் எந்த நாட்டின் தொடக்கமாகவும் ஆகவில்லை. அவர்கள் வந்தபோது வெராக்ரூஸில் அது நூறு வருடப் பழைய வியாபாரம். மெக்சிகோவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பெரும்பாலோர் இறங்கிய துறை இதுதான்.

காலையில் எடுத்த வளையப் படம் செல்பேசியில் இருந்தது. சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அழிக்கலாமா என்று யோசித்துவிட்டு அப்படியே விட்டேன்.

*

இறங்கியவர்கள் கரும்பாலைகளுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் மெக்சிகோ நகரத்து வீடுகளுக்கும் போனார்கள். சிலர் ஓடினார்கள். யாங்கா என்பவர் 1570களில் தப்பியோடி ஒரிசாபா மலைப்பக்கம் ஒரு குடியிருப்பையே நிறுவினார். 1609இல் அவரைப் பிடிக்கப் படை போனது, பிடிக்க முடியவில்லை. கடைசியில் அரசு இறங்கிவந்து அவர்களுக்குத் தனி ஊர் கொடுத்தது. அமெரிக்கக் கண்டத்தில் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள் சட்டப்படி பெற்ற முதல் ஊர்களில் ஒன்று. 1932இல் அதற்கு யாங்கா என்றே பெயர் வைத்தார்கள். கோர்தோபாவுக்குப் பக்கம், மெக்சிகோ நகரத்திலிருந்து வரும் வழியில்தான் இருக்கிறது. வரும்போது பஸ்ஸில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

சுதந்திரமாக இருந்தவர்களுக்கும் நிச்சயம் எதுவும் இல்லை. 1683 மே மாதம் லோரென்சியோ என்று இங்கே அழைக்கப்படும் டச்சுக் கொள்ளையன் லாரன்ஸ் தெ கிராஃபும் கூட்டாளிகளும் ஊருக்குள் புகுந்தார்கள். மக்களைத் தேவாலயத்தில் அடைத்துவைத்துச் சூறையாடினார்கள். போகும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பர்களையும் கலப்பினத்தாரையும் கப்பலில் அள்ளிக்கொண்டு போனார்கள், அடிமைகளாக விற்க. அவர்களில் சுதந்திர மனிதர்களும் இருந்தார்கள். தோலைப் பார்த்தே எடுத்துக்கொண்டார்கள், பத்திரம் யார் பார்த்தது!

ஊருக்கு 'நான்கு முறை வீரம் காட்டிய' என்ற பட்டம் உண்டு. 1825இல் கடைசி ஸ்பானியர்களை உலுவாவிலிருந்து வெளியேற்றியது, 1838இல் பிரெஞ்சுக்காரர்கள், 1847இலும் 1914இலும் அமெரிக்கர்கள். பட்டம் நியாயமானதுதான். ஆனால் அந்த நான்கில் 1619 போன்ற வருடங்களுக்கு இடமில்லை.

வேறு வழியில் அவை இருக்கின்றன. வெராக்ரூஸ்காரர்களை ஹரோச்சோ என்பார்கள். இன்று பெருமையான பெயர், ஒரு காலத்தில் கறுப்பும் பூர்வகுடியும் கலந்தவர்களைத் திட்டும் சொல். உலகமே ஆடிய 'லா பாம்பா' இந்த ஹரோச்சோக்களின் இசை மரபிலிருந்து வந்தது. 1766இல் ஹவானாவிலிருந்து கப்பலில் வந்த 'சுச்சும்பே' என்ற ஆட்டம் இந்தத் தெருக்களில் பரவியபோது, வயிறோடு வயிறு உரசி ஆடுகிறார்கள் என்று மதவிசாரணை மன்றத்துக்குப் புகார் போனது. தடையும் வந்தது. ஆடியவர்கள் யார் என்பதும் புகாரிலேயே இருக்கிறது: மாலுமிகள், சிப்பாய்கள், கலப்பினத்தார். நான் குளிக்கப்போன கடற்கரையின் பெயர் மொக்காம்போ. அங்கோலா பக்கத்து மொழியிலிருந்து வந்த சொல், தப்பியோடிய அடிமைகளின் குடியிருப்பு என்று பொருள். மறுநாள் மீன் சாப்பிடப் போன உப்பங்கழியின் பெயர் மந்திங்கா. மேற்கு ஆப்பிரிக்காவில் அது ஓர் இனத்தின் பெயர்.

மெக்சிகோ அடிமைமுறையை 1829இலேயே ஒழித்துவிட்டது. ஒழித்த அதிபர் விசென்தே கெர்ரேரோவே ஆப்பிரிக்க வம்சாவளி கொண்டவர். அதன்பிறகு நாடு தன்னை ஸ்பானியரும் பூர்வகுடிகளும் கலந்த மக்களாக மட்டுமே சொல்லிக்கொண்டது. வெராக்ரூஸ் மாநிலத்தில் பிறந்த கொன்சாலோ அகிர்ரே பெல்த்ரான் 1946இல் மெக்சிகோவின் கறுப்பு மக்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதி அதை மறுத்தார். அரசியலமைப்புச் சட்டம் அவர்களை அங்கீகரிக்க 2019 வரை ஆனது. 2020 கணக்கெடுப்பில், நீங்கள் ஆப்பிரிக்க வம்சாவளியா என்று வீடுவீடாகக் கேட்டார்கள். 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆம் என்றார்கள், வெராக்ரூஸ் மாநிலத்தில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

*

கடைசி இரவு ஊர்ச் சதுக்கத்தில் தான்சோன் நடந்தது. கியூபாவில் பிறந்த ஆட்டம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்து புலம்பெயர்ந்து வந்தவர்களோடு இங்கே வந்து தங்கிவிட்டது. ஆடியவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். தொப்பி, வெள்ளைச் சட்டை, விசிறி. ஒரு சதுர ஓட்டுக்குள் ஆடுகிறார்களோ என்று தோன்றுமளவுக்குச் சின்னச் சின்ன அடிகள்.

நடுவில் சட்டென்று எல்லாரும் நின்றார்கள். பாட்டு நிற்கவில்லை, மனிதர்கள் நின்றார்கள். பெண்கள் விசிறிக்கொண்டார்கள். ஆண்கள் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்கள். ஏதோ கோளாறு என்று நினைத்தேன். என் பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கும் விளங்கும்படி மெதுவான ஸ்பானிய மொழியில் சொன்னார்: "இந்த இடத்துல நிக்கணும். அதுவும் ஆட்டம்தான். முன்னாடியே அடி எடுத்து வச்சா ஆடத் தெரியாதவன்னு அர்த்தம்."

எத்தனை அளவு நிற்கவேண்டும் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். எண்ணி முடிப்பதற்குள் அவர்கள் மறுபடி ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

திரும்பும்போது பகல் பஸ்ஸாகப் பார்த்து டிக்கெட் எடுத்தேன், வலப்பக்க ஜன்னல். கோர்தோபா நெருங்கும்வரை தூங்கவில்லை.