திடலைச் சுற்றி ஒரு தட்டி
கால்பந்து இறுதியாட்டமும் நுழைவுக் கட்டணமும் - ஒரு வரலாற்றுப் பார்வை

ஊர்த் திடல்களில் கால்பந்துப் போட்டி நடைபெறும் காலங்களில், இறுதியாட்டம் நெருங்க நெருங்கப் போட்டிக் குழுவினரிடையே தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. "இறுதியாட்டத்திற்கு மட்டுமாவது சீட்டுப் போடலாமா?" என்பதே அது. கோப்பைக்கும், பந்துக்கும், நடுவருக்கும், வெளியூர் அணிகளின் சாப்பாட்டிற்கும் ஆகும் செலவை யார் தருவது என்பது ஒரு தரப்பாரின் நியாயம். நம் ஊர்ப் பிள்ளைகள் காசு வாங்காமல் ஆடுவதை நாம் காசு கொடுத்துப் பார்ப்பதா என்பது மறுதரப்பாரின் நியாயம். இரு தரப்பிலும் உண்மை இருப்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ நூற்று அறுபது ஆண்டுகளாக இது கால்பந்துடன் சேர்ந்தே வளர்ந்து வந்திருக்கிறது. அவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயனுடையதாகும்.

பஞ்ச நிவாரணத்தில் தொடங்கியது

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்தி, அரம் முதலிய எஃகுப் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. 1857-ஆம் ஆண்டில் அங்கே தோன்றிய ஷெஃபீல்டு கால்பந்துக் கழகமும், 1860-இல் அருகிலேயே தோன்றிய ஹாலம் கழகமும் உலகின் மிகப் பழைய கால்பந்துக் கழகங்களுள் அடங்கும். ஆடியவர் எவரும் ஊதியம் பெற்றவரல்லர். பொதுவெளியிலும் புல்வெளியிலும் அவர்கள் ஆட, வழியே போவோர் நின்று பார்த்துச் சென்றனர். சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்நகரில் பிரமால் லேன் என்னும் கிரிக்கெட் மைதானம் 1855-இல் திறக்கப்பட்டது. அது அடைப்புள்ள மைதானம், வாயில் உண்டு, வாயிலில் ஆள் நிறுத்தலாம். அங்கே முதன்முதலாகக் கால்பந்து ஆடப்பட்டது 1862-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் ஆகும். ஷெஃபீல்டும் ஹாலமும் மோதிய அந்த ஆட்டத்தின் நோக்கம் லங்காஷயர் நிவாரண நிதிக்குப் பணம் திரட்டுவதே. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி வரத்து நின்று போக, லங்காஷயரின் ஆலைத் தொழிலாளர் பல்லாயிரவர் வேலையிழந்து பட்டினியில் வாடிய காலம் அது. அதே பஞ்சத்தினால்தான் இந்தியப் பருத்திக்கு அந்நாளில் பெரும் கிராக்கி ஏற்பட்டது என்பதையும் நாம் இங்கே நினைவிற் கொள்ளலாம். ஆக, அம்மைதானத்தில் கால்பந்தின் முதற்காசு ஆடியவர் பைக்குப் போகவில்லை. அடுப்பெரியாத வீடுகளுக்குப் போயிற்று.

மூன்று பென்சுக்கு ஓர் இறுதியாட்டம்

1867-ஆம் ஆண்டில் தாமஸ் யூடன் என்ற ஷெஃபீல்டு நாடக அரங்க உரிமையாளர் ஒரு கோப்பையை அறிவித்தார். உள்ளூர்க் கழகங்கள் பன்னிரண்டு அதில் கலந்துகொண்டன. கழகங்கள் பல கலந்துகொண்டு கோப்பைக்காக ஆடிய முதற்போட்டி என இதனையே கால்பந்து வரலாறு குறிப்பிடுகிறது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் பிரமால் லேனில் இறுதியாட்டம் நடந்தது. பார்க்க வந்தோர் சுமார் 3,000 பேர். தலைக்கு மூன்று பென்சு கட்டணம். கோல் எதுவும் விழவில்லை. கோலுக்கு இருமருங்கிலும் நட்ட கொடிகளுக்கிடையே பந்தைச் செலுத்தித் தொட்டால் "ரூஜ்" என்று ஒரு புள்ளி தரும் வழக்கம் அன்று அவ்வூரில் இருந்தது. அக்கணக்கில் நார்ஃபோக் அணியை ஹாலம் வென்றது. வேடிக்கை என்னவெனில், இறுதியாட்டம் முடிந்த பின்பும் கோப்பை செய்து முடிந்தபாடில்லை! பிற்காலத்தில் காணாமற்போன அக்கோப்பை 1997-இல்தான் ஹாலம் கழகத்தின் கைக்குத் திரும்பியது.

அன்றைய கணக்கில் பன்னிரண்டு பென்சு ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுன். வந்தவர் அனைவரும் காசு கொடுத்திருப்பின் வசூல் முப்பத்தேழரைப் பவுன் ஆகும். தொழிலாளி ஒருவரின் பையில் இருக்கக்கூடிய சில்லறையே மூன்று பென்சு. சனிக்கிழமை அரைநாள் விடுமுறை பரவி வந்த காலமாதலால், பிற்பகலில் பொழுதும் இருந்தது, பையில் காசும் இருந்தது.

ஐந்தாண்டுகள் கழித்து, 1872-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள், இலண்டன் ஓவல் மைதானத்தில் முதலாவது எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் நடைபெற்றது. இராணுவப் பொறியாளர் அணியை வாண்டரர்ஸ் அணி ஒரு கோல் கணக்கில் வென்றது. அவர்களும் ஊதியம் பெறாதவர்களே. ஆனால் கட்டணம் ஒரு ஷில்லிங். அதாவது ஷெஃபீல்டுக் கட்டணத்தைப் போல் நான்கு மடங்கு. வந்தவர் சுமார் 2,000 பேர். தலைநகரின் நாடறிந்த போட்டியைவிட மாகாண நகரின் உள்ளூர்ப் போட்டிக்கு ஆயிரம் பேர் கூடுதலாக வந்திருந்தனர். இதற்குக் கட்டணம் மட்டுமே காரணம் என்று நாம் கூறவில்லை; ஆயினும் கட்டணத்திற்கும் அதில் பங்குண்டு என்று எண்ணுவதில் தவறில்லை.

வாயிற்காசு செய்த மாற்றம்

வாயிலில் காசு சேரத் தொடங்கியதும், அது யாருக்குரியது என்ற கேள்வி பிறந்தது. கூட்டம் வருவது நல்ல ஆட்டக்காரரைப் பார்க்க. எனவே நல்ல ஆட்டக்காரரைப் பிடித்து வைக்கக் கழகங்கள் மறைவாகப் பணம் கொடுத்தன. 1884-இல் பிரஸ்டன் கழகம் இவ்வாறு செய்ததை அதன் நிர்வாகியே ஒப்புக்கொள்ள, அவ்வணி போட்டியினின்று நீக்கப்பட்டது. பெரும் சர்ச்சைக்குப் பின், 1885-இல் ஊதியம் பெற்று ஆடுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது.

ஊதியமின்றி ஆடுவோர்க்கென 1893-94 பருவத்தில் தனிக்கோப்பை ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதன் இறுதியாட்டம் 1949 முதல் வெம்பிளி மைதானத்தில் நடந்தது. 1951-இல் பெகாசஸ் அணியும் பிஷப் ஆக்லந்து அணியும் ஆடியபோது ஒரு லட்சம் பேர் சீட்டு வாங்கிப் பார்த்தனர். இலட்சம் பேர் காசு கொடுக்கின்றனர். ஆடும் இருபத்திரண்டு பேருக்கு ஒரு காசும் இல்லை! இந்நிலை எத்தனை நாள் நிற்கும்? ஆட்டம் முடிந்து வரும்போது காலணிக்குள் பணம் வைத்திருக்கும் வழக்கம் பல கழகங்களில் பரவியது. இப்பாசாங்கு போதுமென்று 1974-இல் ஊதியக்காரர், ஊதியமற்றோர் என்ற பாகுபாட்டையே கால்பந்துச் சங்கம் நீக்கியது. அக்கோப்பையும் அவ்வாண்டோடு முடிந்தது. கட்டணம் வாங்கியது தவறன்று. வாங்கிய காசின் போக்கு மறைக்கப்பட்டதே கேடு என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

கல்கத்தா மைதானத்தில்

நம் நாட்டிற்கு வருவோம். 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டம். ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை மோகன் பகான் அணி 2-1 என்று வென்றது. ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். அசாமிலிருந்தும் கீழை வங்கத்திலிருந்தும் மக்கள் திரண்டனர். சிறப்பு இரயிலும் விடப்பட்டது. சீட்டுகள் பல மடங்கு விலைக்குக் கைமாறின. சீட்டுக் கிடைக்காதவரும், கிடைத்தும் பார்க்க இயலாதவரும் எண்ணற்றோர். அவர்களுக்காகப் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கை அறிவித்தனர் என்பது இன்றும் பேசப்படும் செய்தி.

1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தை நம்மில் மூத்தோர் பெருமையோடு குறிப்பிடுவர். அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. அதன் ஆட்டங்களுக்குப் பெருந்திரளான மக்கள் கூடினர். கல்கத்தா மைதானம் இராணுவத்தின் பொறுப்பிலிருந்ததால் நிலையான அரங்கம் எழுப்ப வழியில்லை. சீட்டு வாங்க இயலாத ஏழை எளியோர் அடைப்புக்கு வெளியே மேட்டில் நின்று எட்டிப் பார்த்தனர். கட்டண வாயிலுக்குப் பக்கத்திலேயே காசில்லாதவனுக்கும் ஓர் இடம் இருந்தது.

மலபாரில் காணும் பாடம்

அண்டையிலுள்ள மலப்புறம், கோழிக்கோடு மாவட்டங்களில் எழுவர் கால்பந்து பெருவிழாவாகவே நடக்கிறது. அறுவடை முடிந்த வயலிலும் பள்ளித் திடலிலும் மூங்கிலும் கமுகும் கொண்டு தற்காலிகப் படிக்கட்டுகள் எழுப்பிச் சீட்டு விற்கின்றனர். நோயாளிகளின் மருத்துவச் செலவுக்கும், ஊர்ப் பொதுக் காரியங்களுக்கும் அவ்வசூலில் ஒரு பகுதி செல்வதுண்டு. 1862-இல் ஷெஃபீல்டில் கண்ட அதே நோக்கம்!

ஆனால் 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், வண்டூர் அருகே பூங்கோட்டில், ஆட்டம் காணக் கூடிய பெருங்கூட்டத்தின் பாரம் தாங்காமல் இத்தகைய படிக்கட்டு சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இலவசமாக வந்து நிற்பவன் தன் பொறுப்பில் நிற்கிறான். சீட்டு வாங்கியவனோ நம் பொறுப்பில் அமர்கிறான். எத்தனை பேர் அமரலாமோ அத்தனை சீட்டே விற்பது கட்டணம் வாங்குவோரின் முதற்கடமை.

முடிவாக

வரலாறு நமக்குக் காட்டுவன நான்கு. கட்டணம் உழைப்பாளியின் சில்லறையைத் தாண்டக் கூடாது. காசில்லாத சிறுவனுக்கும் முதியவருக்கும் ஓர் ஓரம் ஒதுக்கப்பட வேண்டும். அமர்வோரின் உயிருக்கு வாங்கியவர் பொறுப்பேற்க வேண்டும். இவை யாவினும் மேலாக, வசூலும் செலவும் எழுத்தில் வர வேண்டும்.

இம்மலரின் இறுதிப் பக்கங்களில் ஜமாஅத்தின் வரவு செலவு அச்சிடப்படுவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஒவ்வொரு ரூபாயையும் விரல்வைத்துப் பார்க்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அக்கண்டிப்பு நமக்குப் பெருமையே. சீட்டுப் போடலாமா என்று கேட்டு வரும் இளைஞரிடம் நாம் "வேண்டாம்" என்றோ "போடுங்கள்" என்றோ உடனே கூற வேண்டியதில்லை. "கணக்கை எந்தச் சுவரில் ஒட்டுவீர்கள்?" என்று கேட்போம். அதற்கு அவர்களிடம் விடை இருக்குமாயின், திடலைச் சுற்றித் தட்டி கட்ட நாமே கைகொடுப்போம். முதற்சீட்டையும் நாமே வாங்குவோம்.