ஒரு சொல் வழக்கு

நான் அறிந்த வழக்குகளில் மிக நீண்டது ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. பாவமன்னிப்புச் சீட்டுகளைக் காசுக்கு விற்பதை 1517-இல் எதிர்த்த மார்ட்டின் லூதர், 1522-இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். விசுவாசத்தால் மனிதன் நீதிமானாகிறான் என்று பவுல் ரோமருக்கு எழுதிய இடத்தில், கிரேக்க மூலத்தில் இல்லாத 'மட்டுமே'யைச் சேர்த்தார். ஜெர்மன் பேச்சுக்கு அது வேண்டும் என்பது அவர் வாதம்.

அப்படியானால் நற்கிரியை வீணா? 1547-இல் திரெந்து சங்கம் அவர் கொள்கையைக் கண்டித்தது. ஆயினும் கிருபையே முதற்படி என்று அதுவும் ஒப்பியது. 1999-இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர்: மீட்பு கிருபையால்; நற்கிரியை அதன் கனி.

கூலிக்குச் செய்த தருமமும் நன்றியால் செய்த தருமமும் வாங்கும் கைக்கு ஒன்றுதான். கொடுக்கும் நெஞ்சுக்கு அப்படியல்லவே!