வளையும் கற்கண்டு!

கற்கண்டை யாராவது வளைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கடித்தால் 'டக்'கென்று உடையும், அவ்வளவுதான். உலோகத்தை விட்டுத்தள்ளுங்கள்... மற்றபடி படிகம் என்றாலே நொறுங்குகிற சமாசாரம் என்றுதான் விஞ்ஞானிகளும் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள்.

1931, லண்டன். கேத்லீன் லான்ஸ்டேல் என்ற பெண்மணி, வீட்டில் சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு, ஹெக்ஸாகுளோரோபென்ஸீன் என்ற படிகத்துக்குள் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். கையில் இருந்தது எக்ஸ்-ரே அளவுகள் மட்டும். கம்ப்யூட்டர் ஏது? எல்லாம் மனுஷக் கணக்கு! அம்மணி லேசுப்பட்டவர் இல்லை. இரண்டாம் உலகப்போரின்போது சிவில் டிஃபென்ஸ் வேலைக்குப் பெயர் பதிய மறுத்து, அபராதமும் கட்டாமல், 1943-ல் ஒரு மாதம் ஜெயிலுக்குப் போனவர். இரண்டே வருஷத்தில் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக்கியது. அந்தப் பெருமை பெற்ற முதல் இரண்டு பெண்களில் ஒருவர்!

சரி, படிகத்துக்குள் இருப்பதெல்லாம் தெரிந்தாகிவிட்டது. அதை ஊசியால் அழுத்தினால்?

விளக்கம் வர 74 வருஷம் ஆனது. 2005-ல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் மல்லா ரெட்டி, கௌதம் தேசிராஜு குழுவினர் அதே படிகத்தை அழுத்தினார்கள். உடையவில்லை... வளைந்தது! உள்ளே மூலக்கூறுகள் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கின்றன. ஒரு திசையில் பிடிப்பு அதிகம், குறுக்கே குறைவு. அழுத்தினால் சீட்டுகள் வழுக்கிக்கொண்டு நகர்கின்றன. ஆனால், வளைந்தது வளைந்ததுதான். தானாக நிமிராது.

நிமிர வைத்தது ஜப்பான். மசாஹிரோ இரியே, கோபாடகே குழுவினரின் படிகம், தலைமுடியைவிட மெல்லிய குச்சி. 2007-ல் அதன் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். வெளிச்சம் பட்ட பக்கத்து மூலக்கூறுகள் வடிவம் மாறிச் சுருங்க, குச்சி ஒளி வந்த பக்கமாக வளைந்தது. கண்ணுக்குத் தெரிகிற சாதாரண ஒளியைக் காட்டியதும் பழையபடி நிமிர்ந்துகொண்டது! வளைகிற வேகத்தில், தன்னைவிட 90 மடங்கு கனமான தங்கத்துகளை வேறு தள்ளிவிட்டது.

ஒளியே இல்லாமல், ரப்பர் மாதிரி? அதையும் மல்லா ரெட்டியே காட்டினார். 2012, கொல்கத்தா ஐசர். நாம் காலையில் குடிக்கிற காபியில் இருக்கிற அதே காஃபின்! அதோடு ஓர் அமிலமும் கொஞ்சம் மெத்தனாலும் சேர்ந்து உருவான படிகம். இடுக்கியால் வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் நிமிர்ந்து நிற்கும். உள்ளே இருக்கும் மெத்தனால் ஆவியாகிப் போகிறவரைதான் இந்த வித்தையெல்லாம். போய்விட்டால், பழைய கற்கண்டு கதைதான்... 'டக்'!