பங்சார்: ஒரு புறநகர்த் தொகுதியின் வாக்கு வரலாறு

முன்னுரை

மலேசியத் தமிழரின் அரசியல் வரலாறு பெரும்பாலும் இரு தளங்களில் எழுதப்பட்டு வந்துள்ளது. ஒன்று, ம.இ.கா. என்னும் கட்சியின் வரலாறு. மற்றொன்று, தோட்டப்புறத் தொழிலாளரின் வரலாறு. இவ்விரண்டிற்கும் இடையில், நகரின் விளிம்பில் வாழ்ந்து இரயில்வேயிலும் பட்டறைகளிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றிய தமிழரின் வாக்கு எத்திசையில் சென்றது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. அவ்வினாவிற்கு விடை தேட ஏற்ற களம் பங்சார் நாடாளுமன்றத் தொகுதியாகும். 1959ஆம் ஆண்டு முதல் 1974ஆம் ஆண்டு வரையே அப்பெயரில் அது நிலவியது. ஆயினும் அக்குறுகிய காலத்தில் அது தேர்ந்தெடுத்த மூவரின் வழியாக மலாயா, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றின் அரசியலையே தொட்டுச் சென்றது. அத்தொகுதியின் வாக்கு வரலாற்றையும், அதன் பின்னர் அப்பகுதி வேறு பெயரில் வாக்களித்த முறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் மக்களும்

கோலாலம்பூரின் தென்மேற்கு விளிம்பில் அமைந்த பங்சார் முன்னர் இரப்பர்த் தோட்டமாக விளங்கியது. பங்க் – கிரிசார் என்னும் ஐரோப்பிய நிறுவனத்தாரின் பெயர் மருவியே பங்சார் ஆயிற்று என்று கூறுவாருமுண்டு. அதனை அடுத்துள்ள பிரிக்பீல்ட்ஸ், செங்கற் சூளைகளால் பெயர்பெற்றுப் பின்னர் இரயில்வேப் பணிமனைகளாலும் ஊழியர் குடியிருப்புகளாலும் வளர்ந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும், எழுத்தர், நிலைய அதிகாரி போன்ற பணிகளில் அமர்ந்த இலங்கைத் தமிழரும் அருகருகே வாழ்ந்த இடம் அது. ஸ்காட் சாலையிலுள்ள கந்தசுவாமி கோயிலும், பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியும், ஜாலான் பங்சார் தமிழ்ப்பள்ளியும் அவ்வாழ்வின் சான்றுகளாக இன்றும் உள்ளன. இதே பள்ளத்தாக்கில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகமும் 1959இல் செயற்படத் தொடங்கியது.

எனினும் இது தமிழர் பெரும்பான்மைத் தொகுதி அன்று. சீன வாக்காளரின் ஆதரவின்றி எவரும் இங்கு வெற்றி பெற்றிருக்க இயலாது. இதனை மனத்திற்கொண்டே பின்வரும் முடிவுகளைக் காண வேண்டும்.

வாக்குரிமையின் விரிவு

1955ஆம் ஆண்டுத் தேர்தலில் பதிவுபெற்ற வாக்காளருள் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். இந்தியர் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. விடுதலையை ஒட்டிக் குடியுரிமை விதிகள் தளர்த்தப்பட்டதால் இந்நிலை மாறியது. 1959இல் மலாய்க்காரர் ஏறத்தாழ 57 விழுக்காடாகவும், சீனர் 36 விழுக்காடாகவும், இந்தியர் 7 விழுக்காடாகவும் அமைந்தனர். 1955இல் இருந்த 52 தொகுதிகள் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டு 104 ஆயின. பங்சார் தொகுதி இப்பிரிவினையின் விளைவாகும். புதிய குடிமக்களின் முதல் நாடாளுமன்ற வாக்கும் இத்தொகுதியின் முதல் வாக்கும் ஒரே நாளில், 1959 ஆகஸ்டு 19 அன்று, பதிவாயின என்பது குறிப்பிடத்தக்கது.

1959: தொழிற்சங்கத்தின் வெற்றி

அத்தேர்தலில் கூட்டணி 104 இடங்களில் 74ஐக் கைப்பற்றியது. சோசலிச முன்னணி வென்றவை எட்டு மட்டுமே. அவ்வெட்டில் ஒன்று பங்சார். வென்றவர் வி. டேவிட். தொழிற்சாலை மற்றும் பொதுத் தொழிலாளர் தேசியச் சங்கத்தை வழிநடத்திய தமிழர் அவர். அருகிலிருந்த டாமன்சாரா தொகுதியிலும் சோசலிச முன்னணியைச் சார்ந்த கரம் சிங் வெரியா என்னும் வழக்கறிஞரே வென்றார். நகரின் விளிம்பிலுள்ள இவ்விரு தொகுதிகளிலும் இந்திய வம்சாவளியினர் இருவர் எதிரணியின் சார்பில் தேர்வு பெற்றது தற்செயல் எனக் கொள்ள இயலாது. வி. தி. சம்பந்தன் தலைமையில் ம.இ.கா. தோட்டப்புறத்தில் தன் வேரை ஊன்றிக்கொண்டிருந்த காலம் அது. நகர்ப்புறத் தொழிலாளரிடையேயோ சமூகத் தலைமையைக் காட்டிலும் தொழிற்சங்கத் தலைமையே செல்வாக்குற்றிருந்தது. டேவிட் தமிழர் என்பதற்காகச் சீனத் தொழிலாளர் அவரை ஒதுக்கவில்லை. தங்கள் சங்கத் தலைவர் என்பதற்காக ஏற்றனர்.

1964: எதிர்பாராத முடிவு

மலேசியா அமைந்த பின்னர் 1964 ஏப்ரல் 25 அன்று நிகழ்ந்த தேர்தலே பங்சாருக்குப் புகழ் தேடித் தந்தது. லீ குவான் யூ தலைமையிலான மக்கள் செயல் கட்சி முதன்முறையாகத் தீபகற்பத்தில் களமிறங்கி ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் போட்டியிட்டது. அம்னோவை எதிர்ப்பது தன் நோக்கமன்று என்றும், நகர்ப்புறச் சீனரிடையே ம.சீ.ச.வின் இடத்தைத் தானே பெற விழைவதாகவும் அது பரப்புரை செய்தது. எட்டுத் தொகுதிகளில் தோல்வியே கிட்டியது. ஒன்பதாவதான பங்சாரில் மட்டும் சி. வி. தேவன் நாயர் 808 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார்.

மலாக்காவில் மலையாளக் குடும்பத்தில் பிறந்த தேவன் நாயர், பிரிட்டிஷ் ஆட்சியில் சிங்கப்பூரில் இருமுறை தடுப்புக் காவலில் இருந்தவர். 1961இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசு உருவாக உழைத்தவர். ஆகவே பங்சாரில் மோதியவர்கள் இரு தொழிற்சங்கவாதிகள். இருவரும் தென்னிந்திய வம்சாவளியினர். அதாவது மக்கள் செயல் கட்சி பறித்தது கூட்டணியின் இடத்தை அன்று, டேவிட்டின் இடத்தை. ம.சீ.ச.வை வீழ்த்தப் புறப்பட்ட கட்சி, தான் பெற்ற ஒரே வெற்றியை இடதுசாரிகளிடமிருந்தே பெற்றது. இது வரலாற்றாசிரியர் அழுத்திக் கூற வேண்டிய முரணாகும்.

இம்முடிவிற்குக் காரணங்கள் இரண்டு. இந்தோனேசியாவின் எதிர்ப்பியக்கம் கொழுந்துவிட்டெரிந்த காலத்தில் சோசலிச முன்னணி நாட்டுப்பற்றில் குறையுடையது என்ற ஐயத்திற்கு ஆளாயிற்று. நாடு முழுவதும் அதன் இடங்கள் எட்டிலிருந்து இரண்டாகச் சுருங்கின. கூட்டணி 89 இடங்களை வென்றது. இரண்டாவது, தேர்தல் முறையின் இயல்பு. மிகுதியான வாக்குப் பெற்றவரே வென்றவர் என்னும் முறையில் பல்முனைப் போட்டி நிகழும்போது, பாதிக்கும் குறைவான வாக்குகளே வெற்றிக்குப் போதுமானவை. எதிரணி வாக்கு இரண்டாகப் பிளந்த பின்னரும் அப்பிளவின் ஒரு பாதியே கூட்டணியை முந்தியது என்பதிலிருந்து இப்புறநகரின் எதிரணிச் சார்பு எத்துணை ஆழமானது என்பதை உணரலாம்.

தனித்து நின்ற உறுப்பினர்

1965 ஆகஸ்டு 9 அன்று சிங்கப்பூர் பிரிந்தபோது அதன் உறுப்பினர்கள் மலேசிய நாடாளுமன்றத்திலிருந்து நீங்கினர். தேவன் நாயர் மட்டும் எஞ்சினார். அவரைத் தேர்ந்தெடுத்தது பங்சார். பங்சாரோ மலேசியாவில் இருந்தது. வேற்று நாட்டின் ஆளுங்கட்சி இங்கு இயங்க இயலாத நிலையில் 1966 மார்ச்சு 18 அன்று ஜனநாயகச் செயல் கட்சி பதிவு பெற்றது. தேவன் நாயர் அதன் முதல் பொதுச்செயலாளர் ஆனார். ஒரு புறநகர்த் தொகுதியின் 808 வாக்குகள் இல்லையெனில், மக்கள் செயல் கட்சியின் மரபு மலேசியாவில் தொடர நாடாளுமன்றத்தில் ஓர் ஊன்றுகோல் இருந்திருக்காது. எனவே பங்சார் முடிவை வெறும் விதிவிலக்கு என ஒதுக்குவது பொருந்தாது.

பின்னர்ச் சிங்கப்பூர் திரும்பிய தேவன் நாயர் 1979இல் ஆன்சன் தொகுதியின் உறுப்பினராகி, 1981இல் அதிபரானார். அதனால் நிகழ்ந்த இடைத்தேர்தலில் இலங்கைத் தமிழர் மரபினரான ஜே. பி. ஜெயரத்தினம் 653 வாக்குகள் வேறுபாட்டில் வென்று, சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் எதிரணிக்கு மீண்டும் இடம் தேடித் தந்தார். ஒருவர் வென்ற தொகுதியும் அவர் விட்டுச் சென்ற தொகுதியும் இரு நாடுகளின் எதிரணி வரலாற்றிலும் தொடக்கப்புள்ளிகளாயின.

1969: இறுதி வாக்கு

1969 மே 10 அன்று நடந்த தேர்தலில் தொழிற் கட்சி புறக்கணிப்பை மேற்கொண்டது. அதனால் 1964இல் பிளவுண்ட எதிரணி வாக்குகள் ஒன்றுசேர வழி பிறந்தது. ஜனநாயகச் செயல் கட்சி 13 இடங்களை வென்றது. பங்சாரில் அதன் வேட்பாளர் கோ ஹொக் குவான் வென்றார். மூன்று நாள்களில் கோலாலம்பூரில் கலவரம் மூண்டது. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை. மூன்று தேர்தல்களில் பங்சார் மூன்று கட்சிகளையும் மூவேறு மொழிச் சமூகத்தவரையும் தேர்ந்தெடுத்தது. கொடிகள் மாறின, எதிரணியைத் தேர்வது மாறவில்லை. இந்நிலைப்பாடு இன உணர்வை மட்டும் கொண்டு விளக்கத்தக்கது அன்று.

மறைந்த பெயரும் சுருங்கிய உரிமையும்

1974 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டுக் கூட்டரசுப் பிரதேசமானது. அவ்வாண்டுத் தேர்தலில் பங்சார் என்னும் தொகுதிப் பெயர் இல்லை. ஊரகத் தொகுதிக்கும் நகர்த் தொகுதிக்கும் இடையே அனுமதிக்கப்பட்ட வாக்காளர் எண்ணிக்கை வேறுபாட்டின் வரம்பும் 1973ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்தால் நீங்கியது. நகர வாக்கின் எடை இதனால் குறைந்தது.

இதனினும் ஆழ்ந்த இழப்பு ஒன்றுண்டு. கோலாலம்பூர்வாசிகள் 1952இலேயே நகராட்சித் தேர்தலில் வாக்களித்தவர்கள். 1960ஆம் ஆண்டுக் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின்வழி அடுத்த ஆண்டில் அவ்வுரிமை நின்றது. 1974இல் சிலாங்கூர் சட்டமன்றத்திற்கு வாக்களிக்கும் உரிமையும் அகன்றது. மூன்று வாக்குகளைக் கொண்டிருந்த புறநகர்வாசிக்கு எஞ்சியது நாடாளுமன்ற வாக்கு ஒன்றே. ஆகவே சாலை, வடிகால், வீடமைப்பு பற்றிய மனக்குறைகளும் அவ்வொரு வாக்கின் மீதே ஏறின. இப்பகுதியின் பிற்காலத் தேர்தல்களை ஆராய்வோர் இதனை மறத்தலாகாது.

லெம்பா பந்தாய்

1986ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் பங்சார் வட்டாரம் லெம்பா பந்தாய் என்னும் தொகுதியில் அடங்கியது. பந்தாய் டாலாம், கெரிஞ்சி ஆகிய மலாய்க் குடியிருப்புகளும் இதில் இடம்பெற்றன. இரப்பர்த் தோட்டம் இருந்த பங்சாரோ வசதி படைத்தோரின் குடியிருப்பாக மாறியிருந்தது. இப்புதிய கலவையில் தேசிய முன்னணியின் சார்பில் அம்னோவே தொடர்ந்து வென்றது. 1995, 1999, 2004 ஆகிய மூன்று தேர்தல்களில் ஷாரிசாட் அப்துல் ஜலில் வாகை சூடினார்.

2008 மார்ச்சு 8 அன்று மக்கள் நீதிக் கட்சியின் நூருல் இசா அன்வார் 2,895 வாக்குகள் வேறுபாட்டில் அவரைத் தோற்கடித்தார். 2007 நவம்பர் 25 அன்று இந்து உரிமைப் போராட்டக் குழு நடத்திய பேரணிக்குப் பின் இந்தியர் வாக்கு நாடெங்கும் திரும்பியிருந்தது. சுங்கை சிப்புட்டில் ம.இ.கா. தலைவர் ச. சாமிவேலுவே தோற்றார். 2013இல் நூருல் இசாவின் வேறுபாடு 1,847 ஆகக் குறைந்தது. 2018இல் அதே கட்சியின் ஃபாமி ஃபாட்சில் 5,598 வாக்குகள் வேறுபாட்டில் வென்று, 2022இலும் தொகுதியைத் தக்கவைத்தார். 2018க்கு முந்தைய எல்லை மறுசீரமைப்பில் பங்சாரின் ஒரு பகுதியான புக்கிட் பண்டாராயா செகாம்புட் தொகுதிக்கு மாற்றப்பட்டது என்பதையும் இங்குக் கருத வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, மலேசிய இந்தியரின் நாடாளுமன்றப் பேராண்மை ம.இ.கா. வழியாக மட்டும் அமைந்ததன்று. 1959 முதல் 1969 வரை பத்தாண்டுகள் பங்சாரின் குரலாக ஒலித்த இந்தியர் இருவரும் எதிரணியினர். பல இன வாக்காளரால் தெரிவு செய்யப்பட்டவர்கள். இரண்டாவதாக, அவ்வாய்ப்பு நிலைத்திருக்கத் தேவையான வர்க்க ஒற்றுமையும் தொழிற்சங்க வலிமையும் தளர்ந்தபின், வேட்பாளரின் இனம் முன்னிலை பெற்றது. டேவிட் 1978இல் டாமன்சாராவிலும் பின்னர்ப் பூச்சோங்கிலும் வென்று நாடாளுமன்றம் சென்றார் எனினும், அவர் வகையினர் அருகியே காணப்பட்டனர். மூன்றாவதாக, தொகுதியின் எல்லை வாக்காளர் வரைவதன்று; அவர்களுக்காக வரையப்படுவது.

பங்சார் என்னும் பெயர் தேர்தல் வரைபடத்திலிருந்து மறைந்தபோதும் நில வணிகத்தில் மதிப்பேறியது. கம்போங் கெரிஞ்சிக்குப் பங்சார் சவுத் எனப் பெயரிடப்பட்டதும், 2018இல் பழைய பெயர் மீட்கப்பட்டதும் அதற்குச் சான்று. பெயரின் விலை உயர்ந்த அளவிற்கு அப்பெயரில் வாக்களித்த தொழிலாளரின் நினைவு காக்கப்படவில்லை. வரலாறு கற்பிக்கும் தமிழாசிரியர்கள் தோட்டத்தோடு இப்புறநகரையும் மாணவர்க்கு அறிமுகப்படுத்துவார்களாயின், தம் முன்னோர் பிற இனத்தவரோடு ஒரே வாக்குப்பெட்டியில் ஒரே முடிவை இட்ட காலம் ஒன்று இருந்தது என்பதை இளந்தலைமுறை அறியும்.