எருமைகள் போன பிறகு – 7: பொங்கோலுக்குப் பெயர்ந்த கொட்டில்கள்

சிராங்கூன் சாலையை விட்டு எருமைகள் போன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். பால்காரர்கள் போனார்கள், தொழுவங்கள் போயின. பஃபலோ ரோடு என்ற பெயர்ப்பலகை மட்டும் தேக்காவில் மிஞ்சியது. இனி வடக்கே, கிராஞ்சிப் பக்கம். இந்த வாரம் பன்றி வாடை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1959-இல் சுயாட்சி வந்த கையோடு, விவசாயம், கால்நடை, மீன்வளம் எனப் பிரிந்து கிடந்த அலுவலகங்களை அரசு ஒரே உற்பத்தித் துறையாக்கியது. அதிகாரிகள் கம்பம் கம்பமாகப் போனார்கள். கோழிக்குத் தடுப்பூசி, பன்றிக்கு நல்ல இனம், கீரைப் பாத்திக்கு உர யோசனை. பலன் கைமேல் கிடைத்தது: எழுபதுகளில் முட்டைக்கும் பன்றி இறைச்சிக்கும் சிங்கப்பூர் வெளியாரை நம்பி இருக்கவில்லை.

அந்தப் பண்ணைகளில் எதுவும் வீணாகாது. குளத்து ஆகாயத்தாமரையை அறுத்து, நறுக்கி, பெரிய இரும்புச் சட்டியில் விறகெரித்து வேகவைப்பார்கள். வீடு வீடாக வாங்கி வந்த கழனித் தண்ணீரும் அதோடு சேரும். அதைத் தின்ற பன்றியின் சாணம் குளத்துக்கே போகும். மீனுக்கு அது தீனி, தாமரைக்கு அதுவே உரம். வயிறு நிறைந்தது பன்றிக்கு மட்டுமா?

ஆனால் மழை பெய்தால் குளம் வழிந்து ஓடைக்குப் போகும். ஓடை ஆற்றுக்குப் போகும். 1965-இல் தனி நாடான பிறகு, குடிநீருக்கு ஜொகூர்க் குழாயை மட்டும் நம்பியிருக்க அரசுக்குத் துணிவில்லை. கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தை மறித்து, 1975-இல் நீர்த்தேக்கமாக்கினார்கள். குடிக்கும் தண்ணீருக்கு மேட்டில் பன்றிக் கொட்டிலா? கிளப்பு!

அதிகாரிகள் மறுபடி வந்தார்கள். இம்முறை கையில் ஊசி இல்லை, நோட்டுப் புத்தகம். வீடு, கொட்டில், பழமரம் என்று எண்ணி எழுதி இழப்பீடு கணக்கிட்டார்கள். கிராஞ்சியோடு இது நிற்கவில்லை. 1977-இல் நகரத்து ஆறுகளையும் பத்தாண்டில் சுத்தமாக்கச் சொன்னார் பிரதமர் லீ குவான் இயூ. அந்தப் பணியில் 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் இடம் பெயர்ந்தன.

தொழிலை விட மனமில்லாதவர்களுக்குப் பொங்கோல் இருந்தது. அங்கே பண்ணைகளை ஒரே இடத்தில் சேர்த்து, கழிவைச் சுத்திகரிக்கவும் அரசே ஏற்பாடு செய்தது. உழவனையும் காத்து நீரையும் காக்கும் வழி கிடைத்துவிட்டது என்றே பலரும் நம்பினார்கள். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

1984-இல் அறிவிப்பு வந்தது: சிங்கப்பூரில் பன்றி வளர்ப்பே படிப்படியாக நிறுத்தப்படும். நிலமும் நீரும் செலவும் கட்டுப்படியாகவில்லையாம்.

பொங்கோல்காரர்களில் சிலர் கடையைக் கட்டினார்கள். ஒரு குடும்பம் மட்டும் ஆடு வளர்த்துப் பால் விற்கலாமா என்று யோசித்தது. பன்றி வளர்த்த கைக்குப் பால் கறக்க வருமா?

(அடுத்த வாரம்)