நெருப்புப் பெட்டி லேபிளும் வரலாற்றுச் சான்றும்

சரித்திரம் எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஏட்டுச் சுவடியையும் நாடிச் செல்வர். அவையெல்லாம் நிலைத்திருக்க வேண்டும் என்னும் கருத்துடன் ஆக்கப்பட்டவை. அரசனும் கோயிலும் புலவனும் தம்மைப் பற்றிப் பின்னோர் எதனை அறிதல் வேண்டுமென விரும்பினரோ, அதனையே அவை பெரும்பாலும் கூறும். நெருப்புப் பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளும், துணிக் கட்டின் முகப்பிற் பதித்த வண்ணத் தாளும், சவர்க்காரத்தைச் சுற்றிய உறையும் வேறு வகையின. பண்டம் விற்று முடியும்வரை கிழியாதிருந்தாற் போதும் என்றே அவை அச்சிடப்பட்டன. ஆதலின் அக்காலத்து மக்கள் எதனை விரும்பினர், எவரை நம்பினர், எந்த எழுத்தை வாசித்தனர், எத்தனை சதம் கொடுத்தனர் என்பவற்றை அவை தம்மையறியாமலே சொல்லிவிடுகின்றன.

இதனைச் செயலிற் காட்டியவர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் அச்சாளராயிருந்த ஜோன் ஜோன்சன் (1882–1956). இளமையில் அவர் எகிப்து நாட்டுப் பழைய குப்பைமேடுகளைத் தோண்டிப் பப்பைரசுத் துண்டுகளைத் தேடியவர். பண்டை மக்கள் வீசியெறிந்த கணக்குச் சீட்டை இத்துணைப் பாடுபட்டு எடுக்கும் அறிஞர், தம் காலத்துக் கடதாசியைத் தாமே வீசியெறிகின்றனரே என்னும் எண்ணம் அவ்வேலையால் அவருக்கு உண்டாயிற்று. அவர் சேர்த்த விளம்பரங்களும் லேபிள்களும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டன. 1968 இல் அவை போட்லியன் நூலகத்தைச் சேர்ந்தன. தமிழகத்திற் கோட்டையூர் ரோஜா முத்தையாச் செட்டியார் இவ்வழியில் நினைக்கத் தக்கவர். பெயர்ப்பலகை எழுதும் ஓவியராயிருந்த அவர், அரிய நூல்களோடு துண்டுப் பிரசுரங்களையும் நாடக விளம்பரங்களையும் அழைப்பிதழ்களையும் வேற்றுமையின்றிச் சேர்த்தார். 1992 இல் அவர் மறைந்தபின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுதியை வாங்கிற்று. எனினும் அது கடல் கடவாது சென்னையிலேயே 1994 முதல் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றது. பட்டம் பெற்றோர் பலர் குப்பையென்று கழித்ததனை ஒரு பலகை ஓவியர் காத்தார் என்பது சிந்திக்கத் தக்கது.

லேபிள் என்பது கல்லிற் பிறந்த கலையாகும். பவேரியா நாட்டு அலோய்ஸ் செனபெல்டர் 1796 அளவிற் கண்ட கல்லச்சு முறையில், சுண்ணாம்புக் கல்லின்மேல் நெய்ப்பசையுள்ள மையாற் சித்திரம் வரைவர். நீர் தோய்ந்த வெற்றிடம் மையை ஏற்காது, வரைந்த இடம் மட்டும் ஏற்கும். நிறமொன்றுக்குக் கல்லொன்றாகப் பல கற்களால் அச்சிடும் முறைக்கு 1837 இற் பிரான்சு நாட்டு எங்கெல்மன் உரிமம் பெற்றார். இதனால் ஓவியம் காசளவில் விலை குறைந்தது. மான்செஸ்டர் நகரத்து நெசவாலைக்காரர் இந்தியாவுக்கு அனுப்பிய துணிகளில் தெய்வங்களும் அரசர்களும் யானை புலிகளும் பொன்னிறத்தில் ஒளிவிட்டன. வாங்குவோருட் பலர் எழுத்தறியாதவர். அவர்க்குப் படமே பெயர். யானைப் படம் போட்ட துணி என்று கேட்டு வாங்கினர். பிறர் யானையைத் திருடினால் வியாபாரமே போய்விடும். பிரித்தானியாவில் 1875 இல் வியாபாரக் குறிகளைப் பதியும் சட்டம் இயற்றப்பட்டது இத்தகைய அச்சத்தினாலேயே. துணி தேய்ந்து கிழிந்த பின்னும் அதன் முகப்புத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்தோர் உளர். சேகரிப்போர் என்னும் பெயர் பெறாத முதற் சேகரிப்போர் அவர்களே எனலாம்.

கிளிமானூர் இரவிவர்மா (1848–1906) 1894 இற் பம்பாயில் தொடங்கிய அச்சகம் தெய்வப் படங்களை இல்லந்தோறும் கொண்டுசென்றது. பின்னர் அது பிரிட்ஸ் ஷ்லைஷர் என்னும் ஜேர்மானியர் கைக்கு மாறிற்று. அச்சகத்திலிருந்து புறப்பட்ட இலக்குமியும் சரசுவதியும் வெகுவிரைவில் நெருப்புப் பெட்டியின் மேலும் வந்து அமர்ந்தனர். இந்தியச் சந்தைக்கென்று சுவீடனிலும் யப்பானிலும் செய்த பெட்டிகளில் இந்துத் தெய்வங்களைக் காண்பதில் ஒரு வேடிக்கை உண்டு. அவற்றை அச்சிட்டவருட் பலர் அத்தெய்வங்களின் கோயிலைக் கண்ணாலும் கண்டிரார். 1922 இல் இந்தியாவில் இறக்குமதி நெருப்புப் பெட்டிக்குத் தீர்வை விதிக்கப்பட, சுவீடன் கம்பனியார் 1923 இல் விம்கோ என்னும் பெயரால் உள்நாட்டிலேயே தொழிற்சாலை நிறுவினர். ஏறத்தாழ அதே காலத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தொழில் கற்று மீண்டனர். மழை குன்றிய அவ்வூரில் நெருப்புப் பெட்டி செழித்தது. அதனுடன் பட்டாசும் வந்தது. இரண்டுக்கும் லேபிள் வேண்டியிருந்தமையால் அச்சுத் தொழிலும் வேரூன்றியது. பின்னாளில் இந்தியாவின் நாட்காட்டிகளுட் பெரும்பகுதியை அச்சிடும் ஊராக அது வளர்ந்ததற்கு மூலம், உள்ளங்கையிற் பாதியளவான லேபிளே.

சேகரிப்போர் இத்தாள்களை அழகுக்காகவே முதலில் நாடுகின்றனர், அதிற் குற்றமில்லை. யப்பானியரான தெயிச்சி யொஷிசாவா 1925 முதல் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட நெருப்புப் பெட்டி லேபிள்களைத் திரட்டினார். ஆனால் அழகை மட்டும் நோக்குவோர் ஓரத்தைக் கத்தரித்துப் படத்தை மாத்திரம் ஒட்டிவைப்பர். வரலாற்றுக்கு வேண்டியது பெரும்பாலும் அவர் கத்தரித்தெறிந்த ஓரத்திலேயே இருக்கும். அச்சகத்தின் பெயரும் ஊரும் விலையும் குச்சிகளின் எண்ணிக்கையும் அங்கே நுண்ணெழுத்தில் நிற்கின்றன. பெட்டியின்மேல் இந்திய அரசாங்கத் தீர்வைச் சீட்டு ஒட்டியிருப்பின் அது 1934 க்குப் பிற்பட்டது. விலை நயா பைசாவிற் குறித்திருப்பின் 1957 க்குப் பிற்பட்டது. சிவகாசி முகவரியில் ஆறிலக்கத் தபாற் குறியீடு காணப்படின் 1972 க்கு முற்பட்டதன்று. இலங்கைப் பண்டங்களில், ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்றிருந்த நாட்டின் பெயர் ‘ஸ்ரீலங்கா’வாக மாறியது 1972 மே 22 இன் பின்னரே. தேயிலை மட்டும் பழைய பெயரை விடாது பிடித்துக் கொண்டமையால், அதன் உறையை இவ்வளவுகோலால் அளத்தல் ஆகாது. எம்மொழி எழுத்து மேலே நிற்கின்றது, எது சிறுத்துக் கீழே ஒதுங்குகின்றது என்று ஆண்டு வரிசையில் நோக்குவோர்க்கு, 1956 இன் சிங்களம் மட்டும் சட்டத்தையும் தமிழை அரசகரும மொழியாக்கிய 1987 இன் திருத்தத்தையும் பற்றிய வேறொரு பாடநூல் கையில் விரியும்.

ஆகவே, இயலுமாயின் பெட்டியை முழுதாகவே வைத்தல் நன்று. லேபிளைப் பிரிக்கவே வேண்டுமெனின், சாயம் கரையுமோவென ஒரு மூலையில் நீர் தொட்டுப் பார்த்த பின்னரே இளஞ்சூட்டு நீரில் மிதக்கவிடுதல் வேண்டும். பழைய மாப்பசை தானாகவே நெகிழும். எடுத்த தாளை ஒற்றுத்தாள்களுக்கிடையில் வைத்து உலர்த்தி, எவ்வூரில் எக்கடையில் எவ்வாண்டிற் பெற்றது என்பதைத் தனித்தாளிற் குறித்து உடன்வைத்தல் வேண்டும். இக்குறிப்பில்லாத ஆயிரம் லேபிள்களினும் குறிப்புள்ள பத்து மேலானவை.

இலங்கைத் தமிழ் பேசுவோர்க்கு இது வெறும் பொழுதுபோக்கன்று. 1981 யூன் முதல் நாளிற்கு முந்திய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட 70,000 க்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள் வீட்டையும் கடையையும் அப்படியே விட்டுப் புறப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்தையே. கடையோடு கடைக் கணக்கும் பற்றுச்சீட்டும் போயின. ஒரு தெருவில் யார் எதனை விற்றார் என்பதற்குப் பதிவேடு இல்லாதவிடத்து, ஒரு பேணியின் அடியிலோ குர்ஆன் உறையினுள்ளோ புராண ஏட்டின் நடுவிலோ தப்பிய கடைப் பெயர் அச்சிட்ட உறையொன்று சாட்சி சொல்லக் கூடும்.

குறிஞ்சிப்பிட்டி போன்ற கரையோர ஊர்களிற் கடதாசிக்குப் பகை மிகுதி. உப்புக் காற்றும் ஈரமும் கறையானும் இராமபாணப் பூச்சியும் ஒன்றையொன்று விஞ்சுகின்றன. தகரப் பெட்டியும் துருவேறுகின்றது. தேடுவதற்குரிய பொருளோ அருகிலேயே உண்டு. புத்தளத்து உப்பளங்களின் உப்பு நெடுங்காலம் சாக்கிலிருந்து அளந்து விற்கப்பட்டது. சரையிற் கட்டிய அவ்வுப்புக்குப் பெயரும் இல்லை, படமும் இல்லை. உண்ணும் உப்பில் அயடீன் சேர்த்தல் 1995 முதற் கட்டாயமாக்கப்பட்டபின், பொதி செய்த உப்பே சமையலறைக்கு உரியதாயிற்று. அப்பொதியின் மேல் மூன்று மொழிகளிற் பெயரும், அயடீன் அளவும், நிறையும், விலையும், பொதிசெய்த நாளும் அச்சாகின்றன. உப்பைப் பேணியிற் கொட்டியதும் உறை அடுப்பினுட் போகின்றது.