வெந்நீர் ஊற்றுக்கு வந்த சைக்கிள் படை

சைக்கிள்ல டென்ட்டைக் கட்டிக்கிட்டுக் கிளம்பறது, வழியில வெந்நீர் ஊற்று வந்தா நிறுத்திப் பார்க்கறது, மறுபடி மிதிக்கறது. இன்னைக்கு இதுக்கு பைக்பேக்கிங்னு பேர். 1896லயே ஒரு ராணுவப் பிரிவு இதைச் செஞ்சிருக்கு. இந்த எபிசோட் அவங்களைப் பற்றியது.

அமெரிக்காவின் மொண்டானாவில் மிசூலா கோட்டை. அங்கே இருந்தது 25ஆவது காலாட்படை. சிப்பாய்கள் கறுப்பினத்தவர், அதிகாரிகள் பெரும்பாலும் வெள்ளையர். அதில் ஒருவர் லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1894 பேட்ச்சில் கடைசி ரேங்க்! குதிரைக்குப் பதில் சைக்கிள் ஏன் கூடாது என்பது அவர் கேள்வி. சைக்கிளுக்குப் புல் வேண்டாம், தண்ணி வேண்டாம், எதிரி பக்கத்தில் இருக்கும்போது கனைக்கவும் கனைக்காது. ஸ்பால்டிங் கம்பெனி சைக்கிள் கொடுத்தது. எட்டு சிப்பாய்கள் சேர்ந்தார்கள்.

அந்த ஆகஸ்டில் யெல்லோஸ்டோன் பூங்காவுக்குக் கிளம்பினார்கள். போக வர சுமார் 800 மைல், நடுவில் ராக்கி மலைத்தொடர். தார் ரோடு கிடையாது. கூடாரத் துணி, போர்வை, சாப்பாடு, துப்பாக்கி எல்லாவற்றையும் அவர்களேதான் சுமக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்த இடம் மாமத் வெந்நீர் ஊற்றுகள். அங்கே ஏன்? 1886லிருந்து பூங்காவை நிர்வகித்ததே ராணுவம்தான். அதன் முகாம் அந்த ஊற்றுகளுக்குப் பக்கத்தில் இருந்தது. நிலத்தடியில் சூடான நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து மேலே கொண்டுவரும். வெளியே வந்ததும் சுண்ணாம்பு படிந்து, வெள்ளை வெள்ளையாகப் படிக்கட்டு மாதிரி உருவாகும். அதில் ஒன்றான மினெர்வா படிவின் மேல் சிப்பாய்கள் சைக்கிளோடு வரிசையாக நிற்கிற படம் இன்றும் பிரபலம். இப்போ அந்தப் படிவில் யாரும் கால் வைக்கக்கூடாது. மரப்பலகைப் பாதையில் நின்றுதான் பார்க்கணும்.

அடுத்த வருஷம் இன்னும் பெரிய சோதனை. 20 சிப்பாய்கள், மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை 1,900 மைல், 41 நாள். நெப்ராஸ்காவின் மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். கெட்ட தண்ணீர் குடித்துப் படுத்தவர்களும் உண்டு. ஆனாலும் போய்ச் சேர்ந்தார்கள். 1898இல் கியூபாவில் போர் வந்தது, படைப்பிரிவு அங்கே போனது. சைக்கிள் திட்டம் அத்தோடு சரி.

கதை இங்கே முடிஞ்சிருந்தா ஜாலியான ஒரு பயணக் கதைதான். ஆனா அந்த 20 பேரில் ஒருத்தர் சார்ஜென்ட் மிங்கோ சாண்டர்ஸ். 1906இல் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் ஊரில் ராத்திரி துப்பாக்கிச் சூடு, ஒருத்தர் சாவு. ஊர்க்காரர்கள் 25ஆவது படைமேல் பழி போட்டார்கள். சிப்பாய்கள் மறுத்தார்கள். விசாரணை மன்றம் ஏதும் குற்றத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 167 பேரை மரியாதையின்றி வெளியேற்றினார். 25 வருஷம் சர்வீஸ் போட்ட சாண்டர்ஸும் அதில் ஒருவர். பென்ஷன் கிடையாது.

1972இல் ராணுவம் அந்த உத்தரவை ரத்து செய்து, எல்லோருக்கும் கௌரவமான விடுவிப்பு கொடுத்தது. சாண்டர்ஸ் 1929லேயே இறந்துவிட்டார்.

சைக்கிள் எவ்வளவு தாங்கும்னு பக்கம் பக்கமா ரிப்போர்ட் எழுதின ராணுவம் அது. அதை ஓட்டினவங்க சொன்ன வார்த்தையை ஏத்துக்க 66 வருஷம் எடுத்துக்கிச்சு. அந்த வெந்நீர் ஊற்றுப் படத்தைப் பார்க்கும்போது இதையும் சேர்த்து நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.